புவியீர்ப்பு குறைந்த பள்ளி

இயற்பியல் வாத்தியாருக்கு அந்தக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை முடிந்து கையில் சுண்ணாம்புத் தூளோடு அறைக்குத் திரும்பியபோது வந்தது. 'பொருள்' என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'தங்கள் பள்ளியில் புவியீர்ப்பு முடுக்கம் நிர்ணயிக்கப்பட்ட அளவைவிடக் குறைவாக உள்ளமை – மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கக் கோருதல் – தொடர்பாக.'

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை. முப்பத்திரண்டு வருட வேலையில் அவரிடம் பல விளக்கங்கள் கேட்டிருக்கிறார்கள். ஏன் விடுப்பு எடுத்தீர் என்று கேட்டார்கள். விடுமுறை நாளில் ஏன் பள்ளிக்கு வந்தீர் என்றும் கேட்டார்கள். பூமிக்காக விளக்கம் கேட்டது இதுதான் முதல் தடவை.

விஷயம் என்னவென்றால், வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் 'அளந்து பாரு' என்பார். வெந்நீர் சீக்கிரம் உறையுமா, பச்சைத் தண்ணீர் சீக்கிரம் உறையுமா? அளந்து பாரு. காந்தத்தைச் சூடாக்கினால் என்ன ஆகும்? சூடாக்கி அளந்து பாரு. புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கிறதே சார்? புத்தகம் எழுதினவன் அளந்தான், நீயும் அள. அதனால் பள்ளியில் அவருக்கு 'அளந்து பாரு' என்றே பெயர். வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் கடிதம் எழுதினால்கூட உறைமேல் அதைத்தான் எழுதுவார்கள். தபால்காரரும் வழி கேட்காமல் கொண்டுவந்து கொடுப்பார்.

அந்த வருடம் கல்வித் துறை எல்லாப் பள்ளிகளுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு ஸ்டாப் வாட்ச் அனுப்பியிருந்தது. மஞ்சள் நிறம், கழுத்தில் மாட்டக் கயிறு. ஒவ்வொன்றோடும் முத்திரை குத்திய தரச் சான்றிதழ். சான்றிதழ் வாட்ச்சைவிடக் கனம்.

இறுதி வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் ஊசல் சோதனை செய்தார்கள். ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி ஆட்டிவிட்டு இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. நாற்பது விநாடியும் கொஞ்சமும் ஆக வேண்டும். எல்லோருக்கும் நாற்பத்தொன்று ஆயிற்று. கணக்குப் போட்டால் 9.8 வர வேண்டிய இடத்தில் 9.4 வந்தது.

வாட்ச்சில்தான் கோளாறு என்று வாத்தியாருக்கு அரை மணியில் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் நான்கு நாள் அல்லாடினார்கள். நூலை மாற்றினார்கள், குண்டை மாற்றினார்கள், காற்று அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வியர்த்தார்கள். நான்காம் நாள், லாரி ஓட்டுநரின் மகள் எழுந்தாள். எதற்கும் ஒரு எதிர்க்கேள்வி வைத்திருப்பாள் என்பதால் வாத்தியார் அவளைக் 'குறுக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

"சார், நூலையும் குண்டையுமே சந்தேகப்படறோம். வாட்ச்சை ஏன் சந்தேகப்படக் கூடாது?"

"படேன். யார் வேண்டாம்னா?"

பன்னிரண்டு வாட்ச்சையும் வரிசையாக வைத்து, தலைமையாசிரியையின் கைபேசியோடு பத்து நிமிடம் ஓடவிட்டார்கள். பன்னிரண்டும் சொல்லிவைத்தாற்போல் பதின்மூன்று விநாடி முந்தி நின்றன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு வரலாற்று ஆசிரியை ஓடிவந்தார். எல்லோரும் ரெக்கார்டு நோட்டில் எழுதினார்கள்: கிடைத்த மதிப்பு 9.4, கடிகாரம் வேகமாக ஓடுகிறது, திருத்திய மதிப்பு 9.8. அன்று மாலை வாத்தியார் வீட்டுக்குப் போய், தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம், "இன்னைக்கே ரிட்டயர் ஆனாக்கூடப் பரவாயில்லை" என்றார்.

"அப்படியெல்லாம் வாயை வைக்காதீங்க" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

செய்முறைத் தேர்விலும் பிள்ளைகள் அப்படியே எழுதினார்கள். துறையின் இணையப் பக்கத்தில் மதிப்பைப் பதிய ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: 'கிடைத்த மதிப்பு'. வாத்தியார் கிடைத்ததைப் பதிந்தார். முப்பத்தொரு தடவை, 9.4.

கடிதம் வந்த அன்று இரவே நான்கு பக்கத்தில் படம் வரைந்து விளக்கம் எழுதினார். மறுநாள் தானே எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகம் போனார். அங்கே எழுத்தர் அதை எடை பார்ப்பவர்போலக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்படி எழுதக் கூடாது சார். படிவம் ஆறுல எழுதணும்."

படிவம் ஆறில் ஏழு கேள்விகள். குறைபாடு எந்த ஆண்டு முதல் உள்ளது? தங்களுக்கு முன்பிருந்த ஆசிரியர் காலத்திலும் இருந்ததா? குறைபாடு பள்ளி வளாகம் முழுவதுமா, ஆய்வகத்தில் மட்டுமா? சரிசெய்ய எடுத்த நடவடிக்கை என்ன?

"ஐயா, குறைபாடு பூமியில இல்லை. வாட்ச்ல."

எழுத்தர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். உண்மையிலேயே உதவத்தான் நினைத்தார்.

"வாட்ச்னு இதுல கட்டமே இல்லையே சார்."

"பூமின்னு மட்டும் இருக்கா?"

"'வளாகம்'னு இருக்கு. அதுல பூமி அடங்கும்."

வாத்தியார் 'வளாகம்' என்ற கட்டத்துக்குள் நுணுக்கி நுணுக்கி, கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பத்து நாளில் பதில் வந்தது, சுற்றறிக்கையாக. 'மேற்படி பள்ளி வளாகத்தில் ஈர்ப்புக் குறைபாடு இருப்பதை ஆசிரியர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளதால்' என்று தொடங்கியது அது. குறைபாடு சரிசெய்யப்படும்வரை மாணவர்கள் மாடி வகுப்புகளைப் பயன்படுத்தக் கூடாது. ஓடுதல், தாண்டுதல், எறிதல் நிறுத்திவைக்கப்படுகின்றன. முப்பத்தொரு மாணவர்களின் செய்முறை மதிப்பெண்ணும் நிறுத்திவைக்கப்படுகிறது.

மாடியில் இருந்த ஐந்து வகுப்புகளும் கீழே இறங்கி, மிதிவண்டி நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்தன. தலைமையாசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எனக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி சார். மேல இருந்து அவங்க, கீழ இருந்து பெத்தவங்க. நீங்க ஒரு 9.8-ஐப் போட்டுத் தொலைச்சிருந்தா என்ன?"

"வரலையே மேடம்."

"வராட்டி என்ன சார்? எனக்கு வருஷா வருஷம் நூறு சதவீத வருகை வருதா? நான் போடலை?"

மறுவாரம் விளையாட்டு ஆசிரியர் ஆய்வகத்துக்கு வந்து, ஒரு தாளை மேசையில் வைத்தார். உயரம் தாண்டுதலில் முதலிடம் வாங்கியிருந்த அவருடைய மாணவியின் பதக்கத்தைத் துறை திரும்பக் கேட்டிருந்தது. குறைந்த ஈர்ப்பில் பயிற்சி எடுத்ததால் மற்ற பள்ளி மாணவிகளைவிட நியாயமற்ற சாதகம் பெற்றிருக்கிறாளாம்.

"மூணு வருஷம் சார். காலையில அஞ்சு மணிக்கு வந்து நிப்பா. மழை பெஞ்சாலும் நிப்பா" என்றார் விளையாட்டு ஆசிரியர். "பதக்கத்தைக் கழுத்துல இருந்து கழட்டலை அந்தப் பொண்ணு. நான் என்னன்னு போய்க் கேக்கறது?"

வாத்தியார் ஈர்ப்பு குறைந்தால் ஓடிவரும்போது காலுக்குப் பிடிப்பும் குறையும் என்று சொல்ல வாயெடுத்தார். நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

பிறகு ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருந்தார். நான்கும் மூடியோடு இருந்தன. ஆய்வகத்தில் நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். தலைவர் பத்து நிமிடம் பேசினார்.

"அன்பு மாணவச் செல்வங்களே! நம்ம துறை யாருக்கும் பாகுபாடு காட்டறதில்லை. ஏழைப் பள்ளி, பணக்காரப் பள்ளி, எல்லாருக்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே கேள்வித்தாள், ஒரே புவியீர்ப்பு. சமத்துவம்! ஒரு பிள்ளைக்கு 9.8-ம் இன்னொரு பிள்ளைக்கு 9.4-ம் குடுக்கறதைப் பார்த்துக்கிட்டு இந்தத் துறை சும்மா இருக்காது. உங்க பங்கு 0.4-ஐ யார் எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்காம நாங்க ஓய மாட்டோம்!"

உறுப்பினர்கள் இருவரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் சிலரும் தட்டினார்கள்.

வாத்தியார் பன்னிரண்டு வாட்ச்சையும் எடுத்து வைத்தார். "ஐயா, ஒரே ஒரு சோதனை. பத்தே நிமிஷம். உங்க முன்னாலேயே செஞ்சு காட்டறேன்."

"செய்வோமே! அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றார் தலைவர் உற்சாகமாக. பெட்டியிலிருந்து இரண்டு மஞ்சள் வாட்ச்சுகளைத் தானே பொறுக்கினார். ஒன்றை ஒரு உறுப்பினரிடமும் இன்னொன்றை மற்றவரிடமும் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து நிறுத்தச் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின.

"பாத்தீங்களா? ஒண்ணுக்கொண்ணு அச்சு அசல். கடிகாரம் சரி."

"ஐயா, ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே பெட்டி. ரெண்டும் ஒரே மாதிரி தப்பா ஓடும். உங்க கையில கட்டியிருக்கிற வாட்ச்சோட ஒப்பிட்டுப் பாருங்க, போதும்."

தலைவர் தம் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"இது என் சொந்தப் பொருள். இதுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இருக்கிற பன்னிரண்டு கடிகாரம் ஒரு பக்கம், சான்றிதழே இல்லாத ஒண்ணு ஒரு பக்கம். நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்க, எதை நம்பறது?"

குறுக்கு கையைத் தூக்கினாள். "சார், அந்தச் சான்றிதழ் குடுத்தவங்க எதை வெச்சு அளந்தாங்க?"

தலைவர் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். பக்கத்து உறுப்பினரிடம், "இந்தப் பொண்ணோட பதிவெண்ணைக் குறிச்சுக்கங்க" என்றார்.

அன்று இரவு சாப்பிடும்போது வாத்தியார் நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார். அவள் முப்பது வருடமாகத் தையல் கடை நடத்துகிறவள். "என் டேப்பு இழுபட்டுப் போச்சுன்னா நான் புது டேப்பு வாங்குவேன். டேப்புக்கு ஏத்த மாதிரி ஆளையா வெட்டுவேன்?" என்றாள். அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஆனா அந்தப் பிள்ளைங்க மார்க்கு என்னங்க ஆகும்?" என்றாள். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. செய்முறை மதிப்பெண் இல்லாமல் முப்பத்தொரு பேரும் எங்கேயும் விண்ணப்பிக்க முடியாது. இரண்டு பையன்கள் பள்ளிக்கு வருவதையே விட்டுவிட்டு ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஒருநாள் மாலை குறுக்குவின் அப்பா வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை.

"சார், நான் படிக்காதவன். ஒன்பது புள்ளி நாலா, எட்டா, எனக்குத் தெரியாது. என் பொண்ணு வீட்டுல உங்களைப் பத்தியேதான் பேசும். சார் அப்படிச் சொன்னாரு, சார் இப்படிச் சொன்னாரு. இப்போ மூணு நாளா பேசறதில்லை, சாப்பிடறதில்லை." கையைக் கூப்பினார். "எங்க பக்கம் பொம்பளைப் பிள்ளைய இதுக்கு மேல வீட்டுல வெச்சிருந்தா கல்யாணம் பண்ணுன்னு நெருக்குவாங்க சார். நான் எத்தனை நாள்தான் தாக்குப்பிடிப்பேன்? நீங்க சொல்றது நிஜம்தான். நிஜத்தைக் கொஞ்சம் விட்டுக்குடுங்க சார்."

வாத்தியாருக்கு அந்தக் கூப்பிய கையைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் இணை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், மின்விசிறியைத் தம் பக்கத்திலிருந்து அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"உங்களை மாதிரி ஆசிரியர் கிடைக்கறது அபூர்வம். நான் எல்லா மேடையிலயும் சொல்றேன்" என்றார். "அதனால ஒளிவுமறைவில்லாம பேசறேன். இந்த வாட்ச் நாலாயிரம் பள்ளிக்குப் போயிருக்கு. ஒரு பள்ளி பாக்கியில்லாம 9.8 வந்திருக்கு. உங்க பள்ளியில மட்டும்தான் பூமி மக்கர் பண்ணுது."

"அங்கேயெல்லாம் அளந்திருக்க மாட்டாங்க ஐயா."

"அதைத்தான் நானும் சொல்றேன்! அளக்காமலே சரியான விடை வருதுன்னா, அது எவ்வளவு உயர்ந்த கல்வி, யோசிச்சுப் பாருங்க." அவர் குரலில் கேலி துளியும் இல்லை. "வாட்ச் தப்புன்னா அதை வாங்கின குழு தப்பு. குழு தப்புன்னா சான்றிதழ் தப்பு. அப்புறம் நாலாயிரம் பள்ளி விடையும் தப்பு. ஒரு லட்சத்துச் சொச்சம் பிள்ளைங்க மார்க்கைத் திரும்பப் பெறணும். செய்யலாமா? உங்க மனசாட்சிக்கு விடறேன்."

மேசைமேல் ஒரு தாளைத் தள்ளினார். ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தது. 'என்னுடைய கற்பித்தல் குறைபாட்டினால் மாணவர்கள் தவறான அளவீடு செய்தனர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருத்தப் பயிற்சி அளித்து, சரியான மதிப்பை வரவழைப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.'

"இதுல கையெழுத்துப் போட்டா முப்பத்தொரு பேருக்கும் ஒரே வாரத்துல மார்க். போடலைன்னா விசாரணை. விசாரணை முடிய ரெண்டு வருஷமாகும். உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை, நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க."

வாத்தியார் தாளை மூன்று தரம் படித்தார். காபி ஆடை படிந்து ஆறிப்போயிற்று. பட்டறைக்குப் போன இரண்டு பையன்களில் ஒருவனுக்கு மின்னோட்டம் என்றால் உயிர். பழைய ரேடியோவைப் பிரித்துத் திரும்பப் பூட்டிக்கொண்டுவந்து காட்டுவான். வாத்தியார் பேனாவை எடுத்தார். 'கற்பித்தல் குறைபாடு' என்ற சொல்லுக்கு நேர் கீழே அவர் கையெழுத்து விழுந்தது.

வெளியே விளையாட்டு ஆசிரியர் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தோளில் கைபோட்டார். "இத்தனை வருஷம் 'அளந்து பாரு'ன்னீங்க. இனிமே 'அளந்து விடு'ன்னு சொல்லிட்டுப் போங்க சார். அதுக்குத்தான் மார்க்காம்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

திருத்தப் பயிற்சிக்கு ஒரு பார்வையாளர் வந்து கதவோரம் உட்கார்ந்தார். அதே ஊசல், அதே மஞ்சள் வாட்ச்சுகள். வாத்தியார் பிள்ளைகள் முன்னால் நின்றார். கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியைப் பெட்டியில் திரும்பப் போட்டார்.

"இருபது ஆட்டத்துக்கு நாற்பது புள்ளி ஒண்ணு வரணும்" என்றார் கடைசியில். "எழுதிக்கங்க."

பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். ஊசல்களை யாரும் ஆட்டவில்லை. அவை செங்குத்தாக, அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். எல்லா நோட்டிலும் 40.1, 40.1, 40.1. குறுக்குவின் நோட்டில் மட்டும் வேறு மாதிரி. 40.3, 39.9, 40.2, 40.0, 40.4, 39.8. ஒரு அளவை எழுதி, அதை அடித்துவிட்டு, 'கை தாமதம், மறுபடி அளக்கப்பட்டது' என்று ஓரத்தில் குறிப்புகூட இருந்தது. சராசரி சுத்தமாக 40.1. கணக்குப் போட்டால் 9.8.

வாத்தியார் ஒரு கணம் வாட்ச்சைத்தான் யாரோ சரிசெய்துவிட்டார்களோ என்று நினைத்தார். அவ்வளவு உண்மையாக இருந்தது அது.

"அளந்தியா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"இல்ல சார்."

"பின்னே?"

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தா அளக்கலைன்னு தெரிஞ்சிடும் சார். நிஜமா அளந்தா கொஞ்சம் கூட வரும், கொஞ்சம் குறைய வரும். ரெண்டு பக்கமும் சமமா வரணும்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. நன்றாகப் படித்த பிள்ளை பாடத்தை ஒப்பிக்கிற குரல்தான். பார்வையாளர் எழுந்துவந்து நோட்டை வாங்கிப் புரட்டினார். "அடடா! இதுவல்லவா ரெக்கார்டு!" என்றார். வாத்தியார் சிவப்பு மையால் முப்பதுக்கு முப்பது போட்டார். அவர் கையால் முழு மதிப்பெண் வாங்கிய முதல் பிள்ளை அவள்தான்.

ஒரே வாரத்தில் மதிப்பெண் வந்தது; துறை சொன்ன சொல் தவறவில்லை. இருபத்தொன்பது பேர் கல்லூரிக்கு விண்ணப்பித்தார்கள். பட்டறைக்குப் போன இருவரும் திரும்பி வரவில்லை. கையில் காசு பார்த்துவிட்டார்கள். குறுக்கு நல்ல கல்லூரியில் சேர்ந்தாள், இயற்பியல் அல்ல, நிர்வாகம். அவள் அப்பா இனிப்புப் பெட்டியோடு வந்து வாத்தியார் காலில் விழப் போனார். உயரம் தாண்டிய பெண்ணின் பதக்கம் மட்டும் திரும்பவில்லை. ஈர்ப்பு சரிசெய்யப்பட்டது முன்தேதியிட்டுச் செல்லாது என்று துறை எழுதிவிட்டது. அவள் விடியற்காலையில் மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து வாத்தியாருக்கு இன்னொரு கடிதம் வந்தது. குறைந்த ஈர்ப்பை மிகக் குறுகிய காலத்தில் சரிசெய்த அவருடைய அர்ப்பணிப்பைத் துறை பாராட்டுகிறது; மற்ற பள்ளிகளில் எல்லா அளவும் ஒன்றுபோல இருப்பது தணிக்கையில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளதால், நாற்பது இயற்பியல் ஆசிரியர்களுக்கு அவர் ஒருநாள் பயிற்சி அளிக்க வேண்டும். குறுக்குவின் நோட்டு மாதிரிப் படியாக அச்சிடப்பட்டு இணைக்கப்பட்டிருந்தது.

"முடியாதுன்னு எழுதிடுங்க" என்றாள் மனைவி.

"எழுதலாம்" என்றார். எழுதவில்லை. இணை இயக்குநர் நீட்டிய தாளில் அவருடைய கையெழுத்து இருந்தது, அதன் கீழே முப்பத்தொரு பிள்ளைகளின் மதிப்பெண் இருந்தது.

பயிற்சி ஒரு கூட்ட அறையில் நடந்தது. நாற்பது பேரும் புது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அவர் வயது. வாத்தியார் முணுமுணுப்பாக ஆரம்பித்தார், கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு. பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்றிருந்தார். அப்போது முன் வரிசையிலிருந்து, வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஓர் இளம் ஆசிரியை கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம். சராசரியை முதல்லயே முடிவு பண்ணிட்டு அளவுகளைப் பின்னால எழுதணுமா? இல்லை, அஞ்சு அளவை எழுதிட்டு ஆறாவதை மட்டும் சரிக்கட்டிக்கலாமா?"

முகத்தில் அப்பழுக்கில்லாத ஆர்வம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நல்ல கேள்வி" என்றார் வாத்தியார். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதற்குள் கை சுண்ணாம்புக் கட்டியை எடுத்துவிட்டிருந்தது. ஆறாவதை மட்டும் சரிக்கட்டினால் அது ஏன் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும் என்று பலகையில் படம் போட்டார். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிறதா என்று கேட்டார். புரியாதவர்களுக்காக இன்னொரு தடவை, வேறு உதாரணத்தோடு, பொறுமையாகச் சொன்னார். நாற்பது பேருக்கும் புரிந்தது. அவர் சொல்லிக்கொடுத்து யாருக்கும் எதுவும் புரியாமல் போனதில்லை.